ஒருவழியாக ஜல்லி வந்தது

நேற்று இரவு என் பிளாட்டரில் (கணினி சொல்கிறபடி பேனாவை நகர்த்தித் தாளில் வரையும் இயந்திரம்) ஒரு ஏ3 தாள் முழுசாக, பிசிறில்லாமல் வந்துவிட்டது. 12 பத்தி, 22 வரிசை, மொத்தம் 264 சதுரம். கணினி ஓவிய முன்னோடி கியோர்க் நேஸ் 1968 வாக்கில் கணினியை வைத்து வரைந்த ‘ஷோட்டர்’தான் மாதிரி. ஜெர்மனில் ஜல்லி என்று அர்த்தம். மேலே கட்டுக்கோப்பாக நிற்கும் சதுரங்கள் கீழே வர வர லாரியில் இருந்து கொட்டிய ஜல்லியாகச் சிதறும்.

நிரல் இருபது வரிகூட இல்லை. வரிசை இறங்க இறங்க, திருப்பும் கோணத்துக்கும் நகர்த்தும் தூரத்துக்கும் வரம்பு கூடும், அதற்குள் ரேண்டம். கடைசி வரிசைக்கு ±45 டிகிரி வைத்தேன். அதில் தகராறு இல்லை. உயிரை எடுத்தது பேனா தூக்கும் செர்வோ என்கிற குட்டி மோட்டார்.

பேனா மூலையில் இறங்கி, சுற்றி வந்து, அதே மூலையில் நின்று எழும்புகிறது. அந்த நிற்கும் நேரத்தில் மை ஊறிக் கடுகளவு பொட்டு. மேல் வரிசைகளில் எல்லாப் பொட்டும் ஒரே மூலையில் வரிசைகட்டி, தாளுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. நிற்கும் நேரத்தைக் குறைத்தால், பேனா எழும்புவதற்குள் கை நகர்ந்து வால் இழுத்தது. பிளாஸ்டிக் பல்சக்கர செர்வோ வேறு, சூடானதும் நடுங்கும். ரிச்சி தெருவில் உலோகப் பல்சக்கரம் வைத்தது ஒன்று வாங்கி மாட்டினேன். நடுக்கம் போனது, பொட்டு போகவில்லை.

கடைசியில் மூலையையே விட்டுவிட்டேன். பக்கத்தின் நடுவில் தொடங்கி, முடிக்கும்போது நிற்காமல் 3 மில்லிமீட்டர் தாண்டி, ஓட்டத்திலேயே தூக்குவது. வால் ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே விழுவதால் கண்ணுக்குத் தெரியவில்லை. நேஸ் சீமென்ஸ்காரர், கையில் ஸூஸே கிராஃபோமாட் என்கிற அந்தக் காலத்து பிளாட்டர் இருந்தது. அவரையும் இந்தப் பொட்டு கொஞ்சமாவது படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் ஆறுதலாக இருக்கிறது.

இன்னொரு கூத்து. போன வாரம் 17-ஆம் வரிசையில் பழைய ஜெல் பேனா காலி. வேறு பேனா போட்டுத் தொடரலாம் என்று பார்த்தால், சீட் எண்ணை, அதாவது ரேண்டம் எண்கள் கிளம்பும் தொடக்க எண்ணை, சேமிக்கவே இல்லை! மறுபடி ஓட்டினால் வேறு ஜல்லி. அந்தத் தாள் இப்போது டீ டம்ளருக்கு அடியில். அப்புறம் ஒவ்வொரு தாளின் பின்னாலும் சீட் எண்ணைப் பென்சிலில் எழுதிவிடுகிறேன்.

அடுத்து இன்னொரு கணினி ஓவிய முன்னோடி, வேரா மோல்னார். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய சதுரங்களில் 1 சதவீதம் மட்டும் ஒழுங்கைக் குலைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு 0.3 முனைப் பேனா இரண்டு சொல்லியிருக்கிறேன். ஜல்லிக்குச் சட்டம் போடுவது அப்படியே நிற்கிறது.