பம்பிங் ஏறவில்லை, படி ஏறுகிறேன்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஆறு வாரம் கழித்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 32 சதவீதம். அன்றிலிருந்து வீட்டில் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. தண்ணீர்கூட கட்டிலுக்கே வந்தது. இரண்டு மாதத்தில் தொடை சூம்பிப்போனது வேட்டி கட்டும்போது எனக்கே தெரிந்தது. மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். இதயம் போச்சு, இனி இப்படித்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டர் கார்டியாக் ரீஹாபுக்கு, அதாவது இதய நோயாளிகளுக்கான மேற்பார்வைப் பயிற்சிக்கு, எழுதிக் கொடுத்ததும் மனைவிக்குக் கோபம். "நடக்கவே முடியாதவரை சைக்கிள் மிதிக்கச் சொல்றாங்களே!"

முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் நாற்காலி. முடிந்த மட்டும் போய்த் திரும்ப வேண்டும். 270 மீட்டர் நடந்தேன். நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றேன். பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டார்: "அப்பா, எதனால நின்னீங்க? மூச்சா, காலா?"

யோசித்தால், கால். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

அவர் சொன்னதும், அப்புறம் நானாகப் படித்ததும் சேர்ந்துதான் விஷயம் பிடிபட்டது. இதயம் தளர்ந்தால் கால் தசையும் உள்ளுக்குள் மாறுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைகிறது. களைக்காமல் உழைக்கும் இழைகளும் குறைகின்றன. பழுதான புரதத்துக்கு யூபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி, புரோட்டியசோம் என்ற அரைவை இயந்திரத்தில் போடுவது செல்லின் அன்றாட வேலை. இதயச் செயலிழப்பில் அந்த இயந்திரம் அளவுக்கு மீறி ஓடி, தசையையே தின்னத் தொடங்குகிறது. படுத்தே கிடந்தால் இன்னும் மோசம். நடை, சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி அதை அடக்கி, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது. பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை 1967-இல் ஜான் ஹாலோசி என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுக் காட்டினார். அவர் பார்த்ததும் கெண்டைக்கால் தசையைத்தான்!

வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். முதல் வாரம் ஐந்து நிமிடம் மிதித்தாலே போதும் போதும் என்றாகிவிடும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுவதால் நாடித்துடிப்பை நம்ப முடியாது என்று சுவரில் போர்க் அளவுகோலை மாட்டியிருந்தார்கள். 6 முதல் 20 வரை எண்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே சொல்ல வேண்டும். 12, 13-ஐத் தாண்டக் கூடாது. ஒருநாள் பக்கத்து சைக்கிள்காரரோடு வீம்புக்கு 16 வரை மிதித்துவிட்டு, மறுநாள் முழுக்கச் சுருண்டு கிடந்தேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. காலையில் எடை பார்ப்பதும் கட்டாயம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, சைக்கிளை விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும்.

இடையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து ஏறினால், அதே சைக்கிள் யாரோ பிரேக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி கனத்தது. தசை ரொம்பச் சீக்கிரம் மறந்துவிடுகிறது.

பன்னிரண்டாம் வாரம் அதே வராந்தாவில் 375 மீட்டர், நிற்காமல். ஆசையோடு எக்கோவுக்குப் போனேன். 34 சதவீதம். "இந்த ரெண்டு சதவீதத்தையெல்லாம் கணக்குல வெச்சுக்காதீங்க, அளக்கறதுலயே அவ்வளவு முன்னப்பின்ன வரும்" என்றார் டாக்டர். முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

மாடி ஏறி, சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உறைத்தது: பாதிப் படியில் உட்காரவே இல்லை.