ஓம்னி மேல கேரியர் போட்ட கதை

நாங்க அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரி, ரெண்டு வாண்டு, அம்மா. வண்டி 2011 மாடல் ஓம்னி, அஞ்சு சீட்டு. வீடு கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல. வருசத்துக்கு ரெண்டு தடவையாவது பூம்பாறை பக்கம் மாமா தோட்டத்துல டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி தங்கிட்டு வருவோம். ரிசர்வ் காட்டுக்குள்ள எல்லாம் இல்லைங்க, அங்க போய் டென்ட் அடிச்சா பாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க, இது சொந்தப் பட்டா நிலம்.

இருபது கிலோமீட்டர் கூட வராத தூரம் தான், ஆனா போன தடவ போகும்போது சின்னவன் மடியில ஒரு தலகாணி, அது மேல ஸ்டவ், அம்மா காலுக்கடியில வெங்காய மூட்டை, பின் கண்ணாடியில ஒண்ணும் தெரியல, டென்ட் பை ஒவ்வொரு வளைவுலயும் என் பிடரியில வந்து முட்டுது. அன்னைக்கு முடிவு பண்ணேன், மேல கேரியர் போட்டே ஆகணும்னு.

புதுசு வெல விசாரிச்சேன், கட்டுப்படியாகல. வத்தலகுண்டுல ஒரு பழைய இரும்புக் கடையில ஓம்னிலருந்து கழட்டுன கேரியரே கெடச்சுது, ஆறு கால் வச்சது, 1,800 ரூபா. துரு கொஞ்சம் இருந்துச்சு, பைப்பு உள்ள ஓட்டை இல்ல, தட்டிப் பாத்து தான் வாங்குனேன். தட்டும்போது கணீர்னு கேக்கணும், சத்தம் செத்த மாதிரி வந்துச்சுன்னா உள்ள அரிச்சுருக்குன்னு அர்த்தம்.

இப்ப வர்ற கார்கள்ல கேரியர் மாட்டுறது வேற மாதிரி, கூரையில ரெயில் இருந்தா அதுல குறுக்குக் கம்பி மாட்டுவாங்க, ரெயில் இல்லன்னா கதவு இடுக்குல கொக்கி போட்டு இழுப்பாங்க. ஓம்னி, அம்பாசடர் மாதிரி பழைய வண்டிகள்ல கூரை ஓரமா மழைத்தண்ணி ஓடுறதுக்கு ஒரு தகரக் காவா இருக்கும்ல, அதத்தான் கேரியர் கால் கவ்விப் பிடிக்கணும். எடை முழுக்க அந்தக் காவா வழியா தான் வண்டிக்கு எறங்கும். கூரைத் தகரத்துல கேரியர் எங்கயும் படவே கூடாது, பட்டா சொட்டை தான். என் வண்டில உள்ளங்கைய செங்குத்தா வச்சா நுழையுற அளவு இடைவெளி இருந்துச்சு, போதும்.

வாங்குனது அப்படியே மாட்டுற நெலமையில இல்ல. ரெண்டு காலோட கவ்வி வளஞ்சு கெடந்துச்சு. ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். பட்டறை அண்ணன் நல்ல மனுசன், கைவேலையும் சுத்தம், அளவெடுக்குறதுல மட்டும் அவருக்கு நம்பிக்கை கெடையாது. "வண்டி வேணாம் தம்பி, ஓம்னி தான, எத்தன போட்டுருக்கேன்" னுட்டு புதுக் கவ்வி அடிச்சுக் குடுத்துட்டாரு. ரெட் ஆக்சைடு அடிச்சு மேல கறுப்பு எனாமல். வெல்டிங், பெயின்ட் சேத்து 700.

ஞாயித்துக்கெழம வீட்டு வாசல்ல மாட்டுனோம். எட்டு எம்எம் போல்ட்டு, 13 ஸ்பேனர், கவ்விக்கும் காவாவுக்கும் நடுவுல ரப்பர். முதல்ல சைக்கிள் ட்யூப வெட்டி வச்சேன், இறுக்குன ஒடனே கிழிஞ்சு போச்சு, அப்பறம் பங்சர் கடையில லாரி ட்யூப் துண்டு கேட்டு வாங்கி வச்சேன், அது தாங்குச்சு. ஒரே காலை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாதுங்க, ஆறையும் கை இறுக்கத்துக்கு வச்சுட்டு, முன்னாடி எடது, பின்னாடி வலதுன்னு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், இல்லன்னா கேரியர் கோணிக்கும்.

எல்லாம் முடிஞ்சுது, தள்ளி நின்னு பாத்தேன், அழகா இருந்துச்சு. பெரியவன் உள்ள ஏறி சைடு கதவ இழுத்துச் சாத்துனான். டக்குன்னு ஒரு சத்தம். அப்பறம் கதவு தெறக்கல.

உள்ளருந்து அவன் கத்துறான், நான் வெளிய இழுக்குறேன், ம்ஹூம். ஓம்னி சைடு கதவு நேரா பின்னாடி போகாது, முதல்ல ஒரு இஞ்சு வெளிய வந்துட்டு தான் பின்னாடி ஓடும். நடுக் காலோட கவ்வி சரியா அந்தக் கதவுக்கு மேல வந்து நிக்குது, புதுசா அடிச்ச நாக்கு காவாவுக்குக் கீழ அரை இஞ்சு தொங்குது, கதவு சாத்தும்போது எப்படியோ நுழஞ்சுருச்சு, வெளிய வர்றப்ப அதுல மாட்டிக்கிச்சு. பையன் முன் சீட்டு வழியா தாண்டி வந்துட்டான், ஆனா கதவு மேல் விளிம்புல விரல் நீளத்துக்கு பெயின்ட் வழிச்சு எடுத்துருச்சு. அம்மா திண்ணையில உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே "இதுக்கு அந்த மடியிலயே வச்சுட்டுப் போயிருக்கலாம்ல" ன்னாங்க.

மறுநாள் வண்டியோடவே பட்டறைக்குப் போனேன். அண்ணன் பாத்தாரு, தலைய சொறிஞ்சாரு, "இது எட்டு சீட்டு ஓம்னிக்கு அடிச்ச அளவு மாதிரி இருக்கே தம்பி" ன்னாரு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டுக்கும் கதவு ஒண்ணு தான். சரி, சண்ட போட்டு என்ன ஆகப்போகுது. நடுக்கால அறுத்து எடுத்து, ரெண்டு கதவுக்கும் நடுவுல தூண் வர்ற எடத்துக்குத் தள்ளி வச்சு வெல்டு பண்ணாரு, நாக்கையும் கிரைண்டர்ல தேச்சு காவா உதட்டோட மட்டமாக்குனாரு. காசு வாங்கல. பெயின்ட் போன எடத்துக்கு மட்டும் நானே பிரைமர் தொட்டு வச்சுட்டேன். நம்ம ஊரு மூட்டத்துக்கு ஒரு வாரம் சும்மா விட்டா போதும், செவப்பா பூத்துரும்.

அடுத்தது எடை. கூரை எவ்வளவு தாங்கும்னு ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வச்சுருப்பான், பொதுவா சின்ன வண்டிகளுக்கு 50லருந்து 75 கிலோ. நிறைய பேரு கவனிக்காத விசயம், கேரியரோட சொந்த எடையும் அதுக்குள்ள தான் வரும். மாமா வீட்டுல பூண்டு மூட்டை போடுற எலக்ட்ரானிக் தராசு இருக்கு. 2019ல மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வந்ததுலருந்து மனுசன் கிராம் கணக்குல பேசுறாரு. அதுல கேரியர ஏத்திப் பாத்தா 21 கிலோ! 50ன்னு வச்சுக்கிட்டா மீதி 29 தான். அத வச்சு தான் எது மேல போறதுன்னு முடிவாச்சு. ரெண்டு டென்ட் 11 கிலோ, அஞ்சு ஸ்லீப்பிங் பேக் 8, பாய், தரைக்கு விரிக்கிற ஷீட்டு எல்லாம் 5. மொத்தம் 24, அதோட நிறுத்திட்டேன். தண்ணி கேன் ஒண்ணே 20 கிலோ, அது உள்ள, சீட்டுக்குக் கீழ. அரிசி, பாத்திரம், மடக்கு நாற்காலி உள்ள. கேஸ் சிலிண்டர மேல கட்டுறத பத்தி நெனைக்கவே வேணாம்.

ஓம்னியே உயரத்துக்கு அகலம் கம்மியான வண்டி, அது தலையில கனத்த வச்சா கொண்டை ஊசில ஒரு பக்கமா சாயுறது சீட்டுலயே தெரியும். பெருசா ஆனா லேசா இருக்குறது மேல, சின்னதா கனமா இருக்குறது கீழ.

கட்டுறத மாமா கிட்ட விட்டுட்டேன், ஜீப்புல மூட்டை கட்டிப் பழகுன கை. நான் பிடிய ஆட்டி ஆட்டி இறுக்குற ராட்செட் பெல்ட் ரெண்டு வாங்கி வச்சுருந்தேன், அத ஒரு பார்வ பாத்துட்டு "இது என்ன மாப்ள, பேன்ட்டுக்கா" ன்னாரு. தார்ப்பாய கீழ விரிச்சு, சாமான அடுக்கி, முன்பக்கத்து மடிப்ப அடியிலயும் பின்பக்கத்து மடிப்ப மேலயும் போட நான் போனேன், கைய தட்டி விட்டுட்டாரு. முன்மடிப்பு தான் மேல வந்து பின்னாடி பாத்து மூடணும், இல்லன்னா காத்து உள்ள பூந்து பாய் ஊதிக்கும், மழையும் நேரா உள்ள போகும். கடைசில பெல்ட்டையும் போட விட்டாரு. பெல்ட்ட தட்டையா போட்டா ஓட்டத்துல டர்ர்ருன்னு அதிரும், ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டா சத்தமே வராது.

கெளம்புறதுக்கு முன்னாடி டேப் வச்சு மொத்த உயரத்த அளந்தேன், ஏழேகால் அடி. ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிட்டேன். வீட்டுக்காரி சிரிச்சா. ஆனா தோட்டத்துக்குள்ள நுழையுற எடத்துல ஒரு பேரிக்கா மரம், எப்பவும் கண்ண மூடிட்டு அடியில போற எடம், அன்னைக்கு அவ தான் "ஏங்க ஏங்க, ஏழேகால்" னு கத்துனா. எறங்கிப் பாத்தா கெளைக்கும் தார்ப்பாய்க்கும் நாலு விரல் கூட இல்ல.

போற வழியில பத்து கிலோமீட்டர்ல ஓரங்கட்டி போல்ட்டு எல்லாம் ஸ்பேனர் வச்சுப் பாத்தேன். ரெண்டு கால்ல போல்ட்டு இன்னும் கால்வாசி சுத்து இறுகுச்சு, ரப்பர் அமுங்குனதால. நைலாக் நட்டு, அதாவது உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு, போட்டதுனால கழண்டு விழல, ஆனா இறுக்கம் கொறஞ்சுருந்துச்சு. எல்லாப் பக்கமும் செகண்ட் கியர்ல ஏறுன வண்டி ரெண்டு எடத்துல பர்ஸ்ட் கேட்டுச்சு. 796 சிசி, அதுவும் என்ன பண்ணும் பாவம்.

ஜனவரி கடைசி, ராத்திரி நல்ல குளிரு. காலையில எந்திரிச்சா தார்ப்பாய் மேல உறைபனி, சின்னவன் நகத்தால சொரண்டி சொரண்டி எடுத்துட்டு இருந்தான்.

திரும்பி வரும்போது கேரியர் பாதி காலி, அப்ப தான் இன்னொரு தொல்ல. நாப்பதுக்கு மேல போனா ஊஊன்னு சங்கு ஊதுற சத்தம். முன்னாடி குறுக்குக் கம்பியில காத்து மோதுறதால வருது. மிச்சமிருந்த கயிற அந்தக் கம்பியில ஜிலேபி மாதிரி சுத்திக் கட்டுனேன், நின்னுருச்சு. காசில்லாத வைத்தியம்.

வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டேன். ரப்பர் இருக்குற எடத்துல தண்ணி தேங்கி நிக்கும், காவா அரிச்சா கூரை ஒழுகும், அப்பறம் டிங்கரிங் செலவு தனி. அதோட வண்டிக்கு 15 வருசம் முடியப் போகுது, ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போகணும், பம்பர் கார்டுக்கு 2017ல தடை வந்ததுலருந்து கூடுதலா எது மாட்டிருந்தாலும் ஒரு பேச்சு வருது, கேரியர் இல்லாமயே போயிடுறது நிம்மதி.

கேரியர் இப்ப எங்கிட்ட இல்ல. "சும்மா தான மாப்ள கெடக்குது" ன்னு மாமா எடுத்துட்டுப் போயி, கொட்டாய்ல நாலு கயிறு கட்டித் தொங்க விட்டு, பூண்டுக் கட்டு காயப் போட்டுருக்காரு. மே மாசம் லீவுக்கு முன்னாடி கேட்டு வாங்கணும். எத்தன கிலோ தொங்குதுன்னு கேட்டேன், தராசுல போட்டுச் சொன்னாரு: 64.