கிளட்ச் டைட்டாக இருந்த கார்

"இங்க வந்தா மட்டும் எப்படி தம்பி ஸ்டார்ட் ஆகுது?" என்று அந்த சார் மூன்றாவது முறையாகக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். கோவையில் 18 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், சுத்தமாக நின்றுபோன வண்டி என்றால் எனக்குக் கவலையே இல்லை, கோளாறு அங்கேயே இருக்கும், தேடினால் மாட்டிவிடும். வந்து வந்து போகிற கோளாறுதான் தூக்கத்தைக் கெடுப்பது.

முதல் முறை வந்தபோது பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. நாலு வருடப் பேட்டரி, மாற்றிவிடலாம் சார் என்று சொன்னது நான்தான். முழு சார்ஜில் 12.6 இருக்கும், 12.4 என்றால் முக்கால்வாசி, அதில் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார், தாராளமாகச் சுற்றும். தெரிந்தேதான் சொன்னேன். வண்டி என் கண்முன்னால் கோளாறைக் காட்டவில்லை, ஏதாவது செய்து அனுப்ப வேண்டுமே என்ற அவசரம். இரண்டாவது முறை வந்தபோது ஒயர்களையெல்லாம் மீட்டரில் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பினேன். அப்புறம் எங்கோ நடுவழியில் நின்று, வேறொரு இடத்தில் செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். இரண்டு புது பார்ட்ஸ், அதே 'டக்'.

மூன்றாவது முறை வண்டியைத் தொடவே இல்லை. அவரை உட்காரவைத்து டீ சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு வேறு நோய் இருக்கிறது. இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், கிராங்க் சென்சார் என்று போக வேண்டும். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, ரிலே, செல்ஃப், ஒயர். இவருடையது இரண்டாவது. "டக்குன்னு சத்தம் வரும்போது ஹெட்லைட் டிம் ஆகுதா சார்?" என்றேன். "இல்ல தம்பி, பளிச்சுன்னுதான் எரியுது." பேட்டரி செத்திருந்தால் விளக்கு மங்கும். அப்படியானால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. கிளம்பும்போது, "கிளட்ச்சும் கொஞ்ச நாளா டைட்டா இருக்கு, முடிஞ்சா அதையும் பாருங்க" என்றார். ஜாப் கார்டில் அதைத் தனி வேலையாக எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். காலையில், மதியத்தில், ஓட்டிவிட்டு வந்த சூட்டில் என்று மாற்றி மாற்றி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருந்தோம். மறுநாள் சாயங்காலம் கடைப்பையன் கத்தினான், "அண்ணா, வந்துருச்சு!" சாவியை விட்டுவிடு, எதையும் தொடாதே, பானெட்டைக்கூட மெதுவாகத் திற என்றேன். ஒயரைக் கொஞ்சம் ஆட்டினாலே கோளாறு ஓடிவிடும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், இன்னொன்றைக் கியர்பாக்ஸ் உடம்பில். பையன் சாவியைத் திருப்பினான். 5.8 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. செல்ஃபுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழிதான் பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் ஒயர். பின்னல் மாதிரி செம்பு இழைகளாக இருக்குமே, அதைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் போல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ளே பச்சை பூத்து, ஏழெட்டு இழைதான் உயிரோடு இருந்தது. இரண்டாவது முறை இதே ஒயரைத்தான் மீட்டரில் 'பீப்' வைத்துப் பார்த்து நல்லது என்று விட்டிருந்தேன். மீட்டர் அனுப்புவது கொஞ்சூண்டு மில்லிஆம்பியர், அதற்கு ஒரு இழை போதும். செல்ஃப் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். லோடு இல்லாமல் பார்த்தால் இந்த ஒயர் எந்த நாளும் நல்ல ஒயர்தான். இன்ஜின் மவுண்டிங்கில் ஆடி நிற்கிற நிலையைப் பொறுத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்டார்ட், விலகினால் 'டக்'.

அப்போதுதான் கிளட்ச் ஞாபகம் வந்தது. எர்த் ஒயர் விட்டுவிட்டால் கரண்ட் சும்மா இருக்காது, பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இந்தக் காரில் பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கிளட்ச் கேபிள்தான் அந்த வழி. கழற்றி வெட்டிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டிப் பழுப்பாகியிருந்தது, மோந்தால் லேசாகக் கருகல் வாசனை. பல வாரமாக அந்த மெல்லிய கம்பி செல்ஃபின் கரண்ட்டைச் சுமந்திருக்கிறது. தனிக் கோளாறு என்று நான் எழுதி வைத்ததுதான் இந்தக் கோளாறின் முகவரியே. இப்போதெல்லாம் கஸ்டமர் போகிறபோக்கில் சொல்வதை ஜாப் கார்டில் மேலே எழுதுகிறேன்.

பெயின்ட்டும் துருவும் போக எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, புது எர்த் ஒயர், புது கிளட்ச் கேபிள் மாட்டினோம். அதே இடத்தில் மீட்டர் 0.1 காட்டியது. பில்லில் ஒயருக்கும் கேபிளுக்கும் மட்டும் போட்டேன். பேட்டரி அவருக்குத் தேவைப்படவே இல்லை, என் அவசரத்தில் மாற்றவைத்தேன் என்று நேராகச் சொல்லி, அதில் எனக்குக் கிடைத்த லாபத்தைக் கழித்துக்கொண்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் தொடாமல், முதலில் கிளட்ச்சைத்தான் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார்.