கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொன்ன மொரோசோவா: மாஸ்கோ நாட்குறிப்பு

அக்டோபர் 12, சனி

காலையில இருந்து தூறல். திரெத்யாகோவ் கேலரியில ஓவியர் சூரிகோவ் ஹாலுக்கு நேரா போயிட்டேன், மத்தது எதுவும் இன்னைக்கு பார்க்கல. 1887ல அவர் மக்கள் முன்னாடி வெச்ச, பதினேழாம் நூற்றாண்டு ரஷ்ய சீமாட்டி மொரோசோவாவோட படம், கிட்டத்தட்ட ஆறு மீட்டர் அகலம், மூணு மீட்டர் உயரம். பனி மூடின தெருவுல ஒரு சறுக்கு வண்டி, அதுல வைக்கோல் மேல கறுப்பு உடுப்போட சங்கிலி மாட்டின ஒரு பொம்பள, வலது கையை மேல தூக்கி ரெண்டு விரலை நீட்டிக் காட்டுறாங்க. ஒரு பக்கம் பாதிரியார் ஒருத்தர் வாய்விட்டு சிரிக்கிறார், இன்னொரு மூலையில செருப்பில்லாம பனியில உக்காந்திருக்குற ஒரு பரதேசி அதே ரெண்டு விரலைத் திருப்பிக் காட்டுறார். அந்த ஆளுக்கு இருக்குற தைரியம் கூட்டத்துல வேற யாருக்கும் இல்ல.

மொரோசோவாவ "மதவெறி பிடிச்ச கிழவி"ன்னு ரொம்ப பேர் ஒரு வரியில முடிச்சிடுறாங்க. கைதானப்ப அவங்களுக்கு நாப்பது வயசு கூட ஆகல. அதனால தான் கொஞ்ச நாள் உக்காந்து எழுதலாம்னு இருக்கேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

முதல்ல அந்த ரெண்டு விரல் விஷயம். ரஷ்யாவுல சிலுவைக் குறி ரெண்டு விரலாலதான் போடணும்னு 1551ல ஒரு பெரிய சர்ச் சபை கூடி விதியே போட்டிருக்கு. நூறு வருஷம் கழிச்சு, 1652ல பேட்ரியார்க், அதாவது ரஷ்ய சர்ச்சுக்கே தலைவர், ஆன நிகோன், அடுத்த வருஷமே, இல்ல, கிரேக்கர்கள் மாதிரி மூணு விரல்னு மாத்துறார், கூடவே ஜெபப் புத்தகங்களையும் திருத்துறாங்க. யோசிச்சுப் பாருங்க, உங்க பாட்டியும் அவங்க பாட்டியும் கும்பிட்ட முறையே தப்புன்னு மேல இருந்து ஒரு உத்தரவு வந்தா எப்படி இருக்கும். நிகோனுக்கும் ரஷ்ய மன்னர் ஜார் அலெக்ஸெய்க்கும் அப்புறம் முட்டிக்கிச்சு, 1666-67 சபையில நிகோன் பதவியே பறிபோச்சு. ஆனா அவர் செஞ்ச மாற்றத்தை மட்டும் அப்படியே வெச்சுக்கிட்டு, பழைய முறையில நிக்கிறவங்கள சபிச்சு விலக்கினாங்க. கொண்டு வந்தவரை அனுப்பிட்டாங்க, அவர் சட்டம் அரசாங்கச் சட்டமா நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு விரல் தூக்குனா அது ஜாரையே எதிர்க்குற வேலை.

அக்டோபர் 17

குடும்பக் கதைக்கு வர்றேன். மொரோசோவாவோட பிறந்த வீட்டுப் பேர் ஃபியோதோசியா சோகோவ்னினா, 1632ல பிறந்தவங்க. பதினேழு வயசுல க்ளெப் மொரோசோவுக்குக் கட்டி வெச்சாங்க, அவர் முதல் மனைவிய இழந்தவர், வயசுலயும் ரொம்ப மூத்தவர். அவரோட அண்ணன் போரிஸ் மொரோசோவ் தான் ஜார் அலெக்ஸெய சின்ன வயசுல வளர்த்து படிக்க வெச்சவர். 1648ல ஜார் மரியா மிலோஸ்லாவ்ஸ்கயாவ கல்யாணம் பண்றார், கொஞ்ச நாள்லயே போரிஸ் அந்த மரியாவோட கூடப்பிறந்த அன்னாவ கட்டிக்கிறார், ஆசிரியரா இருந்தவர் ஜாருக்கு சகலையும் ஆயிட்டார். அந்தக் காலத்து மாஸ்கோ அரசியல் இவ்வளவு தான், யார் வீட்டுப் பொண்ணு ராணியோ அவங்க ஆளுங்களுக்கு பதவி, ராணி மாறினா ஆளும் மாறும்.

1661ல வாரிசு இல்லாம போரிஸ் போயிட்டார், 1662ல க்ளெப்பும் போயிட்டார், அண்ணன் தம்பி ரெண்டு பேர் சொத்தும் க்ளெப்போட ஒரே பையன் இவான் பேருக்கு வருது. அவன் சின்னப் பையன், அதனால முப்பது வயசு அம்மா கையில எல்லாம். உயர்குடிப் பொண்ணுங்க தெரெம்னு சொல்ற உள்கட்டை விட்டு வெளிய வராத காலம் அது, அப்பனோ புருஷனோ சொல்றது தான் முடிவு. விதவையா ஒரு வீட்டுக்கு தலைவி ஆனா மட்டும் தான் ஒரு பொண்ணு தானே முடிவெடுக்க முடியும். ஃபியோதோசியா அதைப் பயன்படுத்திக்கிட்டாங்க. சைபீரியாவுல இருந்து திரும்பின அவ்வாகும் பாதிரியார், நிகோனோட பரம எதிரி, 1664ல இவங்க வீட்டுல தான் தங்கினார். கன்னியாஸ்திரிகள், பரதேசிகள், நோயாளிங்கன்னு வீடே ஒரு மடம் மாதிரி ஆயிடுச்சு, மேல பட்டு, உள்ள உறுத்துற முரட்டு ரோமச் சட்டை.

அக்டோபர் 19, சனி

ஸ்யூஸினோ மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தேன். இது மொரோசோவ் பண்ணை இருந்த இடம், இப்ப அடுக்குமாடி வீடுங்க. அவங்களுக்கு எட்டாயிரம் குடியானவங்கன்னு அவ்வாகும் எழுதுறார். அவங்க கல்யாணம் நடந்த அதே 1649ல தான் குடியானவங்கள நிரந்தரமா நிலத்தோட கட்டிப் போட்ட சட்டத் தொகுப்பும் வந்துச்சு, ஓடிப்போனவன எத்தனை வருஷம் ஆனாலும் தேடிப் பிடிச்சு திருப்பிக் கொண்டு வரலாம். அந்த எட்டாயிரம் பேர் எத்தனை விரல்ல கும்பிட்டாங்கன்னு யாரும் கேட்டு எழுதல. மொரோசோவாவ மதிக்கிற நான் இதையும் சொல்லியாகணும். அவ்வாகுமே ஒரு கடிதத்துல, இவ்வளவு வெச்சுக்கிட்டு ஏழைங்களுக்கு இவ்வளவு கொஞ்சமாவா குடுப்பன்னு அவங்கள திட்டியிருக்கார்.

அக்டோபர் 24

என்னைப் பொறுத்தவரை எல்லாத்துக்கும் நடுவுல இருக்குறது ஒரு கல்யாணம். ராணி மரியா இருந்த வரைக்கும் ஃபியோதோசியாவுக்கு அரண்மனையில பாதுகாப்பு இருந்துச்சு, ஒருதரம் பழைய முறையில நின்னதுக்காக சொத்துல ஒரு பகுதிய பிடுங்கினப்ப ராணி சொன்னதால 1666ல திருப்பிக் குடுத்தாங்க. 1669ல ராணி செத்துட்டாங்க. 1670 கடைசியில ஃபியோதோசியா ரகசியமா துறவு வாங்கி தியோதோரா ஆயிட்டாங்க, ஊருக்குத் தெரியாது. 1671 ஜனவரியில ஜாருக்கு நத்தாலியா நாரிஷ்கினாவோட ரெண்டாவது கல்யாணம், பெரிய சீமாட்டிகள்ல முதல் ஆளா நின்னு ஜாரோட அரச பட்டங்கள சொல்ல வேண்டியது மொரோசோவா. காலு வலி, நிக்க முடியாது, நடக்க முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. போயிருந்தா ஜார "சரியான விசுவாசமுள்ளவர்"னு வாயால சொல்லணும், கையை முத்தமிடணும், புது முறை பிஷப்புங்க கிட்ட ஆசீர்வாதம் வாங்கணும். அதுல ஒண்ணு கூட அவங்களால செய்ய முடியாது.

வீட்டுக்குள்ள எப்படி கும்பிட்டாலும் ஜார் பல வருஷமா கண்டும் காணாம தான் விட்டார். கல்யாணத்துக்கு வராதத மட்டும் விடல. நாடே ஒரு குடும்பமா, ஜார் அதுக்கு அப்பனா இருக்குற இடத்துல, முதல் வரிசை சொந்தக்காரி வரமாட்டேன்னா அது விசுவாசக் குத்தத்தோட ராஜதுரோகமும் ஆயிடுது, அதுவும் புது ராணியோட ஆளுங்க மேல வர்ற நேரத்துல.

அக்டோபர் 25

அதே 1671 நவம்பர்ல ஒரு ராத்திரி வந்து மொரோசோவாவ பிடிச்சாங்க. வந்தவர் சூதோவ் மடத்து யோவாகிம், பின்னாடி அவரே பேட்ரியார்க் ஆனார். நடக்கமாட்டேன்னு சொன்னதால நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. தங்கச்சி யெவ்தோகியா, உருசோவ் பிரபுவோட மனைவி, அன்னைக்கு அக்கா கூட இருந்தாங்க, கேட்டப்ப அவங்களும் ரெண்டு விரலைக் காட்டினாங்க. புருஷன் அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். சிறையில இருந்து பிள்ளைங்களுக்கு யெவ்தோகியா எழுதின கடிதங்கள் இன்னும் இருக்கு.

அக்டோபர் 29

இவான பத்தி எழுத ரெண்டு மூணு நாளா தள்ளிப் போட்டேன். அம்மா உள்ள இருக்கும்போது அவனுக்கு உடம்பு முடியாம போச்சு. ஜார் வைத்தியருங்கள அனுப்பினார், ஆனாலும் செத்துட்டான், இருபது வயசு தாண்டின பையன். அம்மா கிட்ட சேதி சொல்ல புது முறை பாதிரியார் ஒருத்தர அனுப்பினாங்க. அவங்க தரையில விழுந்து கதறினதுல கேட்டவங்களுக்கே அழுகை வந்துச்சுன்னு அவங்க காலத்துலயே, அந்த வீட்டை நல்லா தெரிஞ்ச ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். சொத்தையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டாங்க.

பையனுக்காகவாவது விரலை மடக்கியிருக்கக் கூடாதான்னு எனக்கும் கோவம் வருது. ஆனா பையன வெச்சு மடக்கப் பார்த்தது யாருன்னு நினைச்சா கோவம் அந்தப் பக்கம் தான் போகுது. கைய பின்னால கட்டித் தூக்கிச் சித்திரவதை பண்ணியும் அவங்க மாறல. எரிச்சிடலாம்னு கூட பேச்சு போச்சு, பொயார்கள்னு சொல்ற பெரிய பிரபுக்கள் ஒத்துக்கல.

நவம்பர் 3, ஞாயிறு

கியெவ்ஸ்கி ஸ்டேஷன்ல ரயில் பிடிச்சு பலபானோவோ, அங்கிருந்து பஸ்ல போரோவ்ஸ்க். சின்ன ஊரு, இப்பவும் பழைய முறைக்காரங்க சர்ச் இருக்கு, மொரோசோவா நினைவா ஒரு சின்ன ஆலயமும் இருக்கு. இங்க தான் அக்கா தங்கச்சியோட, அதே பழைய முறையில நின்ன மரியா தானிலோவாவையும் மண்ணுக்குள்ள தோண்டின குழியில போட்டாங்க. முதல்ல காவலாளிங்க கொஞ்சம் கண்டுக்காம விட்டாங்க, 1675ல சாப்பாடே நிறுத்தியாச்சு. தங்கச்சி செப்டம்பர் 11, அக்கா நவம்பர் 2, மரியா டிசம்பர் 1, இப்படி ஒருத்தர் பின்னால ஒருத்தரா பசியில போனாங்க. சாகுற முன்னாடி மொரோசோவா காவலாளி கிட்ட ரொட்டி கேட்டாங்க, பயமா இருக்குன்னு அவன் குடுக்கல. அப்படின்னா இந்தச் சட்டையையாவது ஆத்துல அலசிக் குடுன்னு கேட்டாங்க, அழுக்குச் சட்டையோட போய்ச் சேர அவங்களுக்கு மனசில்ல. அதை அவன் செஞ்சான்.

நவம்பர் 6

ஒண்ணு விட்டுப் போச்சு. மொரோசோவாவோட தம்பி அலெக்ஸெய் சோகோவ்னின். ஃபியோதோசியா போகாத அந்தக் கல்யாணத்துல பிறந்தது தான் பின்னாடி ஜார் ஆன பீட்டர், 1672. அந்த பீட்டர கொல்ல சதின்னு 1697ல தம்பிய வெட்டினாங்க. செத்து பன்னெண்டு வருஷம் ஆன, முதல் ராணி மரியாவோட சொந்தக்காரர் இவான் மிலோஸ்லாவ்ஸ்கியோட சவப்பெட்டிய தோண்டி எடுத்து, பன்னிங்க இழுக்குற வண்டியில கொண்டு வந்து மேடைக்கு அடியில வெச்சு, வெட்டுப்பட்டவங்க ரத்தம் அதுல வடியுற மாதிரி ஏற்பாடு. மிலோஸ்லாவ்ஸ்கி, நாரிஷ்கின் பகை கால் நூற்றாண்டு ஆகியும் அடங்கல. பழைய முறைக்காரங்க மேல போட்ட சாபத்தை மாஸ்கோ சர்ச் 1971ல தான் எடுத்துச்சு.

அடுத்து பீட்டரோட அக்கா சோஃபியாவ பத்தி எழுதுறேன். பழைய முறைக்காரங்கள எரிக்கவே 1685ல சட்டம் போட்டது ஒரு பொண்ணோட ஆட்சியிலங்கறத எழுதாம என்னால விட முடியாது.