பழைய டட்சனுக்கு 13 அங்குல ரிம்: பேக்ஸ்பேசிங் பார்த்து மாட்டிய அனுபவம்

என்னுடைய 1972 டட்சன் 1200-இல் இருந்தவை 12 அங்குல இரும்பு ரிம்கள். அகலம் 4 அங்குலம்தான். அந்த அளவில் நல்ல டயர் தேடுவது வர வரப் பெரும்பாடாகிவிட்டதால் 13 அங்குல அலாய்க்கு மாற முடிவு செய்தேன். நான்கு போல்ட், 114.3 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) என்பதால் அந்தக் காலத்து ஜப்பானிய ரிம்கள் நிறையவே ஸ்டட்டில், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் போல்ட்டில், ஏறும். ஆனால் ஸ்டட்டில் ஏறிவிட்டால் மட்டும் போதாது. சக்கரம் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதைப் பேக்ஸ்பேசிங்தான் சொல்லும்.

ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம் அது. ரிம்மின் உள்பக்கம் மேலே பார்க்கும்படி தரையில் வைத்து, விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கட்டையைப் போட்டு, அதிலிருந்து அந்த முகம் வரை ஸ்கேல் விட்டு அளக்க வேண்டும். என் பழைய ரிம்மில் 83 மில்லிமீட்டர் வந்தது.

விற்பவர்கள் சொல்வதோ ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அது. வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ். நான் முதலில் பார்த்த ஜோடி ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் பூஜ்யம். ரிம் அகலத்தை டயர் உட்காரும் இடத்தில் அளப்பார்கள். இரு பக்க விளிம்புக்கும் சேர்த்து ஏறக்குறைய ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். ஆஃப்செட் பூஜ்யம் என்றால் சரிபாதி, 82.5. “பழைய அளவேதான், அப்படியே மாட்டலாம்” என்றார் விற்றவர். உள்பக்கத்துக்கு அது உண்மை. ஆனால் கூடுதலாக வரும் ஒன்றரை அங்குலமும், அதாவது 38 மில்லிமீட்டரும், வெளிப்பக்கம் போய் நிற்கும். இங்கே சிங்கப்பூரில் சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. அந்த ஜோடியை விட்டுவிட்டேன்.

அப்புறம் காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். “தம்பி, ஜாக்குல தூக்கி வச்சு அளந்தா அது பொய் அளவு. பாரம் ஏத்து” என்றார். பின்சீட்டில் மச்சானையும் அவன் கூட்டாளியையும் உட்காரவைத்தோம். (இருவரும் சேர்ந்தால் பாரத்துக்குக் குறைவில்லை.) பின்பக்கம் டயருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே, மேலே ஃபெண்டர் மடிப்புக்கு, முன்பக்கம் ஸ்ட்ரட்டுக்கு என்று ஒவ்வோர் இடைவெளியையும் குறித்துக்கொண்டார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி மறுபடியும் அளந்தார். ரிம் விளிம்பு ஸ்டியரிங் ஆர்மில் இடிக்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். டயருக்கு இடம் இருந்தாலும் விளிம்புக்கு இல்லாமல் போகலாம்.

கணக்குப் போட்டதில் ஐந்தரை அங்குல ரிம்முக்கு ஆஃப்செட் +15 சரியாக வந்தது. அதாவது பேக்ஸ்பேசிங் 97.5. ரிம் விளிம்பு உள்ளே 15 மில்லிமீட்டர் போகிறது, வெளியே 24 வருகிறது. கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. ஆனால் டயர் அவ்வளவு நகரவில்லை. பழைய 155 டயர் 4 அங்குல ரிம்மில் பிதுங்கி நின்றது. புதிய 165/65 டயர் அகலமான ரிம்மில் நிமிர்ந்து நிற்கிறது. அதனால் டயரின் தோள் உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர், வெளியே பன்னிரண்டு பதின்மூன்றுதான் நகர்ந்தது. டயர் விட்டமும் 553 மில்லிமீட்டரிலிருந்து 545 ஆனதுதான். ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடான ஸ்பேசர் பற்றியும் கேட்டேன். பேக்ஸ்பேசிங் அதிகமாக இருந்தால் ஸ்பேசர் வைத்து ரிம்மை வெளியே தள்ளலாம், அதற்கும் ஸ்டட் நீளம் போதவேண்டும். குறைவாக இருக்கும் ரிம்மை உள்ளே இழுக்க எந்த வழியும் இல்லை. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தோம். நட்டும் புதிது. 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச், அந்த அலாய் கேட்கும் 60 டிகிரி கூம்பு முனை. முன்னிடது ஃபெண்டர் மடிப்பில் மட்டும் இடைவெளி விரலளவுகூட இல்லை. அதை ரப்பர் சுத்தியலால் உள்பக்கம் மடித்துவிட்டார். 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளை மறுபடி பார்க்கச் சொன்னார். பழைய வண்டித் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பதால், அந்த 100 கிலோமீட்டர் சேரவே கொஞ்சம் நாளானது. ஒரு நட்டு மட்டும் கால் திருகு இறங்கியது.