பால் படிவு என்று நம்பிப் போன மூன்று நாள்

ரத்தப் புற்றுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் வாயில் வெள்ளை தெரிந்தால், ‘பால் படிஞ்சிருக்கு, துடைச்சா போயிடும்’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். அது அக்கரமாக, அதாவது வாயில் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் மூன்று நாள் வீணானது. புறப்படும் முன் வாயைத் துடைத்துச் சுத்தமாகக் கூட்டிப் போனதால், டாக்டர் பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. காட்டப் போகிற அன்று துடைக்க வேண்டாம். முந்தின இரவே டார்ச் அடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

நாக்கை மட்டும் பார்ப்பதும் தப்பு. பால் பெரும்பாலும் நாக்கில்தான் படியும். அக்கரம் என்றால் கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், மேல் அண்ணம் என்று தயிர்த் திப்பி ஒட்டினாற்போல் இருக்கும். ஈரத் துணியால் ஒற்றினால் பால் வந்துவிடும். இது லேசில் வராது. வந்தாலும் அடியில் செக்கச்செவேலென்று இருக்கும், ரத்தம் கசியும். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) குறைந்த பிள்ளைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

வெள்ளையே இல்லாமலும் அக்கரம் வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். அண்ணம் சிவந்து, நாக்கு சொரசொரப்பு போய் வழவழவென்று ஆகி, ரசம் சோற்றைக்கூடப் பிள்ளை ‘எரியுது’ என்று தள்ளும். வாயோரம் வெடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். கீமோ (புற்று மருந்து) தரும் புண்ணும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் புண்ணும் இதே நாட்களில்தான் வரும். கண்பார்வையில் முடிவு கட்ட முடியாவிட்டால் சுரண்டி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மொட்டு விட்ட ஈஸ்ட்டும் நூல் போன்ற இழைகளும் அன்றே தெரிந்துவிடும். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘கேண்டிடா’, அதாவது அக்கரம் வரவைக்கும் ஈஸ்ட், என்று வந்தால் மட்டும் போதாது, நோயில்லாத வாயிலும் அது குடியிருக்கும்.

எச்சில் வழியவிட்டு, விழுங்க மறுத்து, நெஞ்சைக் காட்டி அழுதால் உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். தடவுகிற மருந்து அங்கே உதவாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

ஒரு வயதுக்குள் தேன் தடவாதீர்கள். வெங்காரம், போராக்ஸ் கிளிசரின் எந்த வயதிலும் வேண்டாம்.

இரண்டாவது நடையும் வீண். கீமோ அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தோம். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தை எப்போது போட்டது என்று தெரியாமல், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுத மாட்டேன் என்றார் டாக்டர். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அந்த வகை மருந்துகள் வின்கிறிஸ்டினை உடம்பில் தங்க வைத்து நரம்பைப் பாதிக்கக்கூடும். அட்டை எப்போதும் பையிலேயே இருக்கட்டும்.

நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைச் சொட்டு மருந்து கொடுத்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி பாதியாக இரு கன்னத்தின் உட்புறமும் விடுங்கள். அரை மணி நேரம் தண்ணீரும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பை உடனே சேர்த்தால் இரண்டும் பலனிழக்கும்.

எங்கள் பிள்ளைக்கு ஐந்தாம் நாள் அண்ணம் தெளிந்து, ஒன்றரை இட்லி உள்ளே போனது. மருந்தைச் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுத்தோம்.