ஆர்டர் வரும்வரை

அக்டோபர் 4
இணையத்தில் விற்கிற தன் ஓவியத்துக்குத் தங்கை மறுபடியும் 250 ரூபாய் என்று விலை போட்டிருக்கிறாள். 300 ஜிஎஸ்எம் கனத் தாள் 40, வண்ணம் 30, அட்டையும் உறையும் 35, தபால் 70. இதிலேயே 175 போயாச்சு. மிச்சம் 75, நான்கு மணி நேர வேலைக்கு. மணிக்கு 19 ரூபாய்கூட வரவில்லை. "அதிகம் சொன்னா யாரு வாங்குவா, அக்கா?" வாங்காதவர் 250க்கும் வாங்க மாட்டார்.

அக்டோபர் 5
மழை. தாள் சுருள்கிறது.

அக்டோபர் 7
தம்பி போனில் வரைந்து அனுப்பிய கோப்பு 1080 × 1350 பிக்சல். இன்ஸ்டாகிராமுக்கென்று வரைந்தது, திரையில் பளிச். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் அகலம் 9 செ.மீ., அவ்வளவுதான். ஏ4க்கு இழுத்தால் கோடெல்லாம் பிசிறடிக்கும். தொடங்கும்போதே 2551 × 3579 வைக்கணும்: ஏ4க்கு 2480 × 3508, அதோடு வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மி.மீ. போனில் இவ்வளவு பெரிதாக வைத்தால் லேயர், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு, குறைவாகத்தான் கிடைக்கும். பிரதி ஒன்று எடுத்து வைத்துவிட்டு, முடிந்த லேயர்களை ஒன்றாக்கிக்கொண்டே போகணும். கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் அச்சில் மங்கும்; திரை ஒளியால் காட்டுகிற நிறத்தை நாலு மையால் கொண்டுவர முடியாது. மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அடித்துப் பார்க்கணும். அந்த ஒரு தாள் காசுக்குத்தான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 8
650 போடச் சொன்னேன். செலவு 175, மணிக்கு 100 வீதம் கூலி 400, ஆக 575. விற்கும் தளம் கமிஷனாக 10 சதவீதம் பிடித்தால் 575ஐ 0.9ஆல் வகுக்கணும்: 639. வகுக்காமல் பத்து சதவீதம் கூட்டி 632.50 போட்டால், பிடிப்பது அந்த 632.50இல்; கைக்கு 569.25. ஐந்தே முக்கால் ரூபாய் சின்னத் தொகைதான், கமிஷன் ஏற ஏற ஓட்டை பெரிசாகும்.

அக்டோபர் 9
450 போட்டிருக்கிறாள்!

அக்டோபர் 12
நடிகர் படம் சீக்கிரம் விற்கும் என்கிறான் தம்பி. விற்கும். ஆனால் யாரோ எடுத்த போட்டோவை அப்படியே வரைந்து விற்றால், எடுத்தவர் உரிமை கேட்டு வரலாம். ரவிவர்மா 1906இல் மறைந்தவர். இந்தியாவில் ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரைக்கும்தான் பதிப்புரிமை, அவரை எடுத்து விளையாடட்டும். அவனுக்கு டவுன் பஸ்தான் அழகாக வருகிறது, அதைச் சொன்னால் முகம் சுளிக்கிறான். வயது 17, அதனால் தளத்தில் கணக்கு அம்மா பெயரில். பான் கார்டிலும் வங்கியிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே பணம் நின்றுவிடும்.

அக்டோபர் 15
இன்னும் மழை. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். ஃபேன் காற்றில் நன்றாக ஆறவிட்டு, பட்டர் பேப்பர், உறை, பிறகு இரண்டு பக்கமும் நெளி அட்டை. ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருந்தால்தான் எந்தப் பக்கமும் மடங்காது. அட்டை சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக இருக்கட்டும், தபாலில் அடி விழுவது மூலையில்தான்.

அக்டோபர் 16
ஆர்டர் இல்லை.

அக்டோபர் 18
560 வரை வந்துவிட்டாள். இப்போது ஓவியத்தை எடுத்த போட்டோதான் சரியில்லை; டியூப்லைட்டில் எடுத்ததால் வெள்ளைத் தாள் பச்சையடிக்கிறது. ஜன்னலோரம், காலை பத்து மணி வாக்கில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம். கிட்டப் போனால் ஓரம் வளையும். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்து இன்னொரு படம்.